வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்: நீலகிரிக் குளிரில் ஒரு மின்கணக்கு

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு: "கீசர் போட்டு அரை மணி நேரமாச்சு, தண்ணி இன்னும் சுடவே இல்லை." உடனே பழி கீசர் மேல் விழும். எலிமென்ட் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்பார்கள். பல வீடுகளில் கீசர் நன்றாகவே இருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் எவ்வளவு? கீசர் இழுக்கிற கரண்ட் எவ்வளவு?

இந்த இரண்டையும் வைத்து ஒரு வகுத்தல் போட்டால் மின்தடை வரும். ஒரு பெருக்கல் போட்டால் மின்திறன் வரும். பள்ளிக்கூடத்தில் தேர்வுக்காகப் படித்து மறந்த அதே கணக்குதான். வீட்டில் இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். மலைப்பகுதியில் இதைத் தெரிந்துகொள்வதால் பணமும் மிச்சமாகும், சில சமயம் உயிரும் பிழைக்கும்.

முதலில் நான்கு சொற்கள். மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளுகிற விசை மாதிரி. அதை வோல்ட்டில் அளக்கிறோம், பேச்சில் வோல்டேஜ். மின்னோட்டம் என்பது கம்பியில் நொடிக்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது; அளவு ஆம்பியர், பேச்சில் கரண்ட். மின்தடை என்பது அந்த ஓட்டத்துக்குப் பொருள் கொடுக்கிற எதிர்ப்பு, அளவு ஓம். மின்திறன் என்பது நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது, அளவு வாட்.

நம் ஊரிலேயே இதற்குக் கண்ணுக்குத் தெரிகிற ஓர் உதாரணம் இருக்கிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மலைமேலிருந்து இரும்புக் குழாய்களில் இறக்கி, சுமார் 3,000 அடி கீழே மசினகுடி அருகில் உள்ள சிங்காராவில் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். 1932-இல் ஓடத் தொடங்கிய மின்நிலையம் அது. கோயம்புத்தூர் மில்களுக்கு அங்கிருந்துதான் மின்சாரம் போனது. அங்கே தண்ணீர் விழுகிற உயரத்தை வோல்டேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் நொடிக்கு எத்தனை லிட்டர் பாய்கிறது என்பது கரண்ட். குழாய் எவ்வளவு ஒடுங்கியது, எவ்வளவு நீளமானது என்பது தடை. சொட்டுச் சொட்டாக விழுந்தால் 3,000 அடி உயரமிருந்தும் பயனில்லை. ஆறே திரண்டு வந்தாலும் சமதரையில் ஓடினால் டர்பைன் சுழலாது. உயரம், பாய்ச்சல் இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் திறன். மின்சாரத்திலும் அப்படியே. ஒரே ஒரு வேறுபாடு: விழுந்த தண்ணீர் ஆற்றோடு போய்விடும், மின்சாரம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பிகள்.

இனி சூத்திரங்கள்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

முதலாவது, ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டது. ஓம் விதி என்கிறோம். இரண்டையும் சேர்த்து மாற்றிப் போட்டால் இன்னும் இரண்டு சூத்திரங்கள் கிடைக்கும். திறன் = கரண்ட் × கரண்ட் × தடை. திறன் = வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ தடை. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே உள்ள இரண்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஆனால் இந்தக் கடைசி இரண்டில்தான் விஷயமே இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கீசருக்குப் போவோம். அதன் உடம்பில் ஒட்டியிருக்கிற தகட்டில் 2000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கும். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். அதுதான் அது இழுக்கிற கரண்ட். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.5 ஓம். அதுதான் உள்ளே இருக்கிற எலிமென்ட்டின் தடை. கீசரைத் திறக்காமலேயே, தகட்டை மட்டும் படித்து, உள்ளே இருக்கிற கம்பிச் சுருளின் தடையைச் சொல்லிவிட்டோம்.

இந்த 8.7 ஆம்பியர் உடனே ஒரு வேலைக்கு உதவும். நம் வீடுகளில் இரண்டு வகை சாக்கெட்டுகள்: சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் இழுக்கிற எதையும் சின்ன சாக்கெட்டில் செருகக் கூடாது. 1000 வாட் ஹீட்டர் ராடு 4.35 ஆம்பியர்தான் இழுக்கும், பரவாயில்லை. 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர், அது பெரிய சாக்கெட்டுக்குப் போக வேண்டும். இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். பெரிய சாக்கெட்டின் எல்லை 3680 வாட். 1380, 3680 ஆகிய இரண்டு எண்களையும் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்தாலும் நல்லதே.

சரி, தண்ணீர் ஏன் சுடவில்லை?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 15 லிட்டர் கீசர், உள்ளே வருகிற தண்ணீர் 12 டிகிரி, நமக்கு வேண்டியது 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 33 டிகிரி ஏற்ற வேண்டும். 15 × 33 × 4,186 என்றால் சுமார் 20.7 லட்சம் ஜூல். 2000 வாட்டால் வகுத்தால் 1,036 நொடி, அதாவது 17 நிமிடம். இதே கீசர் கோயம்புத்தூரில் இருந்தால்? அங்கே தொட்டித் தண்ணீரே 28 டிகிரி என்று வைத்தால் 17 டிகிரி ஏற்றினால் போதும். ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, குளிர்ந்த தண்ணீரே நேரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடுகிறது. இதில் கீசரின் குற்றம் எதுவும் இல்லை.

அப்புறம் லோ வோல்டேஜ். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே ரூம் ஹீட்டரும் கீசரும் போடுகிற நேரம். டிரான்ஸ்ஃபார்மர் கீழே ரோட்டோரத்தில் இருக்கும், வீடு மேட்டில் தேயிலைக்கு நடுவே லைனின் கடைசியில் இருக்கும். அங்கே 230 வோல்ட் வராது. 180 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 230-க்குப் பதில் 180 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. சூடும் அதே அளவுதான் குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

எலிமென்ட்டின் தடை மாறாது, 26.5 ஓம்தான். 180-ஐ 26.5-ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர். கவனியுங்கள், வோல்டேஜ் குறைந்ததால் கரண்டும் குறைந்துவிட்டது. இப்போது திறன் 180 × 6.8, அதாவது சுமார் 1225 வாட். 2000 வாட் கீசர் 1225 வாட் கீசராகிவிட்டது. ஐந்தில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கலில் வருவதால் (வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ தடை) அது கொஞ்சம் இறங்கினாலே திறன் நிறைய இறங்குகிறது. வோல்டேஜ் பாதியானால் திறன் கால்வாசிதான். 1225 வாட்டில் அந்த 15 லிட்டர் தண்ணீர் 45 டிகிரிக்கு வர 28 நிமிடம் ஆகும். "அரை மணி நேரமாச்சு" என்ற புகாருக்கு இதுதான் விடை.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: அதிக நேரம் ஓடுவதால் கரண்ட் பில் ஏறுமா? ஏறாது என்றே சொல்லலாம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. 17 நிமிடம் 2000 வாட் ஓடினாலும், 28 நிமிடம் 1225 வாட் ஓடினாலும் ஆவது சுமார் 0.58 யூனிட்தான். காத்திருக்கிற நேரத்தில் தொட்டியிலிருந்து கசிகிற சூடு மட்டும் சிறிது கூடுதல்.

ஸ்டெபிலைசர் வைத்து 230-க்கு ஏற்றிவிடலாமே என்பவர்கள் உண்டு. ஹீட்டருக்காக அதைச் செய்யாதீர்கள். 180 வோல்ட்டில் இருந்து 2000 வாட் எடுக்க ஸ்டெபிலைசர் லைனில் இருந்து குறைந்தது 11 ஆம்பியர் இழுக்கும். சும்மா விட்டிருந்தால் 6.8 ஆம்பியர்தான் போயிருக்கும். கூடுதலாக இழுத்தால் லைனின் வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஒரே லைனில் பத்து வீடுகள் இப்படிச் செய்தால் கடைசி வீட்டுக்காரருக்கு டியூப் லைட் கூட எரியாது.

இப்போது, கற்கத் தொடங்குகிற எல்லோரையும் குழப்புகிற இடத்துக்கு வருவோம். 2000 வாட் எலிமென்ட்டின் தடை 26.5 ஓம். அப்படியென்றால் 1000 வாட் எலிமென்ட்டின் தடை? 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர், 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் 53 ஓம். தடை இரண்டு மடங்கு, சூடு பாதி. தடை குறைந்தால்தான் சூடு அதிகம் என்று ஆகிறது. ஆனால் எலக்ட்ரீஷியன் வந்து, "ஜாயின்ட் லூஸா இருக்கு, ரெசிஸ்டன்ஸ் ஏறிடுச்சு, அதான் சூடாகி உருகுது" என்கிறார். அவர் சொல்வதில் தடை ஏறினால் சூடு ஏறுகிறது. எது சரி?

இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். சாக்கெட்டில் நேரடியாகச் செருகுகிற பொருள்களுக்கு வோல்டேஜ் மாறாமல் நிற்கிறது. 53 ஓம் வைத்தாலும் 26 ஓம் வைத்தாலும் அதே 230 வோல்ட். அப்போது தடை குறைந்தால் கரண்ட் ஏறும், சூடு ஏறும். லூஸ் ஜாயின்ட்டின் நிலைமை வேறு. அது கீசருக்குப் போகிற வழியில், கீசரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதைப் பெரிய தடையான கீசர் தீர்மானிக்கிறது. ஜாயின்ட் அந்தக் கரண்ட்டைச் சுமந்தாக வேண்டும். கரண்ட் ஏறத்தாழ மாறாமல் நிற்பதால் இங்கே பயன்படுகிற சூத்திரம் கரண்ட் × கரண்ட் × தடை. ஜாயின்ட்டின் தடை ஏற ஏற அங்கே சூடும் ஏறும்.

எண் வைத்துப் பாருங்கள். சாக்கெட்டுக்குள் ஒரு முனை தளர்ந்து, அரை ஓம் தடை வந்துவிட்டது. மொத்தத் தடை 27. கரண்ட் 230 ÷ 27, அதாவது 8.5 ஆம்பியர். கீசர் கிட்டத்தட்ட பழையபடியே வேலை செய்கிறது, வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தத் தளர்ந்த முனையில் 8.5 × 8.5 × 0.5, சுமார் 36 வாட் சூடு. சாலிடரிங் அயர்ன் ஒன்றின் திறன் 25 வாட், 35 வாட் அளவில்தான் இருக்கும். அப்படி ஒன்றைச் சுவருக்குள், பிளாஸ்டிக் சாக்கெட்டின் உள்ளே அரை மணி நேரம் சொருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். பிளக்கைப் பிடுங்கும்போது முனை சுடுகிறது, சாக்கெட் பழுப்பாகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். போர்டில் இருக்கிற எம்.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இதைக் கண்டுபிடிக்காது. அது கரண்ட் கூடினால்தான் விழும். இங்கே கரண்ட் கூடவே இல்லை.

வயரிலும் இதே கதை. மலை வீடுகளில் குளியலறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருப்பது சாதாரணம். மெயின் போர்டில் இருந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் கம்பி. எலக்ட்ரீஷியன்கள் 'ஒன்றரை ஸ்கொயர்' என்கிற 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் தடை. 60 மீட்டருக்கு 0.72 ஓம். கீசர் போட்டால் சுமார் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 50 வாட்டுக்கு மேல் சுவருக்குள் இருக்கிற கம்பியைச் சூடாக்கும். 'நாலு ஸ்கொயர்' போட்டால் தடை 0.28 ஓமுக்கு இறங்கும், இழப்பு 20 வாட் அளவில் நிற்கும். கம்பியின் குறுக்குப் பரப்பு கூடினால் தடை குறைகிறது, நீளம் கூடினால் ஏறுகிறது. வயர் வாங்கும்போது மிச்சம் பிடிக்கிற பணத்தை நினைத்து மெல்லிய கம்பி போடச் சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் மோசம். அதன் ஒயர் பெரும்பாலும் மெல்லியது; சுருட்டி வைத்தபடியே ரூம் ஹீட்டர் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே சேரும்.

கரண்ட் × கரண்ட் × தடை என்பதைப் புரிந்துகொண்டால், நம் மலை முழுக்க நிற்கிற டவர் லைன்களும் புரியும். குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் மின்நிலையங்களில் இருந்து கீழே போகிற கம்பிகளில் ஏன் லட்சக்கணக்கான வோல்ட்? சின்ன எண்களில் பார்க்கலாம். ஓர் ஊருக்கு 46 கிலோவாட் அனுப்ப வேண்டும். போகிற வழிக் கம்பிகளின் தடை மொத்தம் அரை ஓம். 230 வோல்ட்டிலேயே அனுப்பினால் 200 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் சூடாகப் போவது 200 × 200 × 0.5, அதாவது 20,000 வாட். ஏறக்குறைய பாதி காற்றில் போச்சு; 100 வோல்ட் வழியிலேயே விழுந்து ஊருக்கு 130 வோல்ட்தான் சேரும். அதே 46 கிலோவாட்டை 11,000 வோல்ட்டில் அனுப்புங்கள். 4.2 ஆம்பியர் போதும். இழப்பு ஒன்பது வாட்டுக்கும் குறைவு! ஒரு எல்.இ.டி. பல்புக்குப் போகிற அளவு. கம்பி அதே கம்பி. வோல்டேஜை ஏறத்தாழ 48 மடங்கு ஏற்றினோம், இழப்பு 2,287-இல் ஒரு பங்காகிவிட்டது. நிஜத்தில் மூன்று ஃபேஸில் அனுப்புவதால் கணக்கு சற்று மாறும், அடிப்படை மாறாது. உங்கள் வீட்டுக்கு லோ வோல்டேஜ் வருவதற்கும் காரணம் இதுவே: டிரான்ஸ்ஃபார்மர் வரை உயர்ந்த வோல்டேஜில் வந்த மின்சாரம், அதற்குப் பிறகு தாழ்ந்த வோல்டேஜில் நீளமாக நடக்க வேண்டியிருக்கிறது. மலையில் வீடுகள் சிதறிக் கிடப்பதால் அந்தக் கடைசி நடை நீண்டுவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரை ஊருக்குள் பக்கத்தில் கொண்டுவரக் கேட்பது நியாயமான கோரிக்கை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதையெல்லாம் வீட்டில் எப்படி அளப்பது?

வோல்டேஜுக்கு மல்டிமீட்டர் போதும், ஏ.சி. வோல்ட் நிலையில் வைத்து அளக்க வேண்டும். கரண்ட்டுக்கு எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும்; அதன் கவ்வைக்குள் ஃபேஸ் வயரை மட்டும் விட வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்து விட்டால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக்கொண்டோ, ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டோ சாக்கெட்டுக்குள் குத்துவது பேராபத்து. மீட்டர் வெடித்துக் கை வெந்துபோகும். தடையை அளக்க வேண்டுமென்றால் பொருளின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் தடித்த எர்த் முனையை விட்டுவிட்டு மற்ற இரண்டு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும், கீசரின் ஸ்விட்ச் ஆன் நிலையில், தண்ணீர் ஆறியிருக்கும்போது. 26 ஓம் பக்கம் காட்டினால் எலிமென்ட் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் எலிமென்ட்டோ தெர்மோஸ்டாட்டோ அறுந்திருக்கிறது.

எதையும் தொடாமல் அளக்க இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. மின்வாரியத்தின் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். சிமிட்டலை 60-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் வாட் வரும். நிமிடத்துக்கு 107 சிமிட்டல் என்றால் 2000 வாட். 65 சிமிட்டல்தான் என்றால் சுமார் 1220 வாட். வோல்டேஜ் 180 என்று ஊகிக்கலாம். வோல்டேஜையும் அளந்துவிட்டால் கரண்ட், தடை எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

வோல்டேஜ் மட்டும் அளக்கத் தெரிந்தவர்கள் லைனின் தடையையே கண்டுபிடிக்கலாம். கீசர் போடாதபோது 225 வோல்ட். போட்டதும் 205-க்கு இறங்கியது. கீசரின் தடை 26.5 ஓம் என்பதால் ஓடுகிற கரண்ட் 205 ÷ 26.5, அதாவது 7.7 ஆம்பியர். விழுந்தது 20 வோல்ட். 20-ஐ 7.7-ஆல் வகுத்தால் 2.6 ஓம், டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து உங்கள் சாக்கெட் வரைக்குமான தடை இது. வழியில் வீணாவது 20 × 7.7, சுமார் 154 வாட். இந்த 154 வாட் அரைக் கிலோமீட்டர் கம்பியில் பரவியிருந்தால் ஆபத்தில்லை, நஷ்டம் மட்டும். ஒரே ஜாயின்ட்டில் குவிந்திருந்தால் தீப்பிடிக்கும். எப்படித் தெரிந்துகொள்வது? அதே கம்பத்தில் இருந்து சர்வீஸ் எடுத்திருக்கிற பக்கத்து வீட்டிலும் அளந்து பாருங்கள். அவர்களுக்கு அதே அளவு சுமையில் 5 வோல்ட்தான் விழுகிறது, உங்களுக்கு 20 விழுகிறது என்றால் தடை உங்கள் சர்வீஸ் வயரிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. கம்பத்தில் இருக்கிற ஜாயின்ட் என்றால் லைன்மேன்தான் ஏற வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. "வோல்டேஜ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்வதைவிட, "சுமை இல்லாம 225, கீசர் போட்டா 205, பக்கத்து வீட்ல 220" என்று சொன்னால் அவருக்கும் தேடுகிற வேலை பாதி குறையும்.

நம் உடம்புக்கும் ஓம் விதி உண்டு. காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கலாம். நனைந்த உடம்பில் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அதில் ஒரு பகுதி போதும். மூடுபனியும் மழையும் சுவரை ஈரமாகவே வைத்திருக்கிற குன்னூர், கோத்தகிரி வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும், ஒழுங்கான எர்த்தும் கட்டாயம் வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை.

ஓம் விதி எல்லா இடத்திலும் நேராகப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துத் தடையை அளந்து பாருங்கள். கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். மீட்டர் காட்டுவது 40 ஓம் அளவில் இருக்கும். மீட்டர் கெட்டுவிடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. ஹீட்டர் எலிமென்ட்டின் நிக்ரோம் கம்பி சூட்டில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் மேலே கீசரை வைத்துக் கணக்குப் போட்டேன்.

மோட்டார் இன்னொரு விதிவிலக்கு. கிணற்று மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கிறது என்றால் பெருக்கி 1380 வாட் என்று எழுதிவிடக் கூடாது. மோட்டாரில் கரண்ட், வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்காமல் கொஞ்சம் பின்தங்கி ஓடும். அதனால் ஒரு பகுதி வேலை செய்யாமல் வெறுமனே போய் வருகிறது. இந்தக் குறைவைத்தான் பவர் ஃபேக்டர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள், அது 0.8 என்றால் உண்மைத் திறன் 1380 × 0.8, சுமார் 1100 வாட். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாடவைக்கிற தொட்டிகளின் ஃபேன், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷின் என்று எங்கும் மோட்டார்தான். பேனல் பக்கத்தில் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பது இந்தப் பின்தங்கலைச் சரிக்கட்டத்தான். அங்கே மூன்று ஃபேஸ் என்பதால் 1.73 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும்: 415 வோல்ட், 10 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.85 என்றால் 1.73 × 415 × 10 × 0.85, சுமார் 6,100 வாட்.

வீட்டு மோட்டாரின் பவர் ஃபேக்டரையும் மீட்டர் சிமிட்டலை வைத்தே பிடித்துவிடலாம். மின்வாரிய மீட்டர் உண்மை வாட்டைத்தான் எண்ணுகிறது. மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 59 சிமிட்டல், அதாவது 1106 வாட். டாங் டெஸ்டரும் மல்டிமீட்டரும் சொன்னதைப் பெருக்கினால் 1380. முன்னதைப் பின்னதால் வகுங்கள், 0.8 வரும். ஆனால் 230-ஐ 6-ஆல் வகுத்து வருகிற 38 ஓமை மோட்டார் காயிலின் தடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் அதைவிட மிகக் குறைவான ஓம் காட்டும். மீதி எதிர்ப்பு, மோட்டார் ஓடும்போது அதன் காந்தப்புலத்தால் வருவது.